ரேடியேட்டர் அருகே ஒரு நாற்காலி

ஏழாவது பொருள்
நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.
டௌகவா ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரி.
ஊருக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் கொதிகலனை
இருபது ஆண்டுக்குக் குத்தகை விட
ஒன்பது கைகள் உயர்ந்தன.
இறங்கும் வழியில் ஒரு கை
காபிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

நான் இந்த நகரசபையின் குறிப்பெழுத்தாளர்.
‘விவாதிக்கப்பட்டது. ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன்.
செயப்பாட்டு வினை
யாரையும் காட்டிக்கொடுக்காது.

ரேடியேட்டர் அருகே உள்ள நாற்காலி
வெல்தா ஸ்ப்ரோகேயுடையது.
வெள்ளிதோறும் வந்த பத்திரிகைக்காகப்
பத்தொன்பது ஆண்டுகள் அதில் உட்கார்ந்தாள்.
எழுத்தில் பெரிய சூரி ஒன்றும் இல்லை.
பாதித் தலைப்புகளில் பிழை இருக்கும்.
ஒருமுறை என் பெயரையே தப்பாகப் போட்டாள்,
திருத்தம் கேட்டேன், அதிலும் தப்பு.
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரை நனையும்.
மடியில் கறுப்பு ரொட்டித் துணுக்குகள்.
யார் பேசினாலும் பேனாவின் தலையை
டக், டக் என்று அழுத்திக்கொண்டே இருப்பாள்.
அது நின்றால்
எழுதத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.
அந்த மௌனத்தில்
தலைவர் ஐவார்ஸ் க்ரூமின்ஷ்
சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை
மெதுவாக, கணக்கோடு சொல்வார்.

பத்திரிகை நின்றுபோய் இரண்டு குளிர்காலம்.
இப்போது சபையே ஒரு தாள் போடுகிறது.
வழவழப்பான காகிதம், இலவசம்,
பக்கத்துக்கு ஒரு ரிப்பன் வெட்டு.
வேலிக்கு ஓணான் சாட்சி.
வெல்தா ரீகாவில் ஒரு மருந்து கம்பெனிக்கு
விளம்பரம் எழுதுகிறாள்,
பிழையில்லாமல் என்று கேள்வி.

நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.
அதில் கோட்டுகளைப் போடுகிறார்கள்.

மார்ச் கூட்டம். பனி அள்ளும் ஒப்பந்தம்.
“தொகை இணைப்பில் இருக்கிறது” என்றார் தலைவர்.
இணைப்பு என்று ஒன்று இல்லை,
இருந்தால் நான்தான் தட்டச்சு செய்திருப்பேன்.
என் கையில் புதுப் பேனா,
அறுபது சென்ட், அழுத்தும் வகை.
வேண்டுமென்றே செய்தேனா, தெரியாது.
டக். டக். டக்.
பிறகு நிறுத்தினேன்.

தலைவர் நிமிர்ந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
கோட்டுகள் குவிந்த நாற்காலியைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
தொகையைச் சொன்னார்,
மைத்துனனின் நிறுவனம் என்பதையும்.
ஒன்பது கைகள் உயர்ந்தன,
எட்டாவது கொஞ்சம் தாமதமாக.

எழுதி வைத்திருக்கிறேன், எழுவாயோடு.
பதிவேடு கீழ்த்தளத்தில்.
திங்கள், புதன், பத்து மணி முதல் நண்பகல் வரை
பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும்.
இதுவரை வந்தவர் ஒருவர்,
கழிப்பறை எங்கே என்று கேட்டார்.