இங்கே ஒழுகும்

"கேம்பர் வண்டி என் மனைவிக்கு" என்று
உயிலில் எழுதியிருந்தான் ஓரெஸ்ட்.
பெயர் போடவில்லை.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
லெஸ்யாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடியும் துடைத்தார்.

சக்களத்தி என்றால் கணக்குத் தப்பும்.
அவள் சாத்திவிட்டுப் போன கதவை
ஆறு வருடம் கழித்துத் திறந்தவள் நான்.
இருவருக்கும் ஒரே கதவு,
ஒரே இழுபடாத கீல்.

மனிடோபாவில் மே மாதம்.
ஏரிப் பனி உடைந்து கரையில் குவிந்த வாரம்
வண்டியை அவள் வீட்டுப் பக்கம் இழுத்து வந்தோம்.
பதினாறடித் தகரம். எழுபத்து நான்காம் வருட மாடல்.
உள்ளே அலமாரி பழுப்பு, சுவர் பழுப்பு,
மேசை பழுப்பு, அதன்மேல்
அவன் காபி வைத்த வட்டங்கள் மட்டும்
கொஞ்சம் கூடுதல் பழுப்பு.

விற்றுப் பாதி பாதி எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.
"இந்த நிறத்தில் சவப்பெட்டிகூட விலை போகாது,
முதலில் தேய்" என்று
உப்புத்தாளை நீட்டினாள்.

தேய்த்தோம். மூக்கில் பழுப்பு, பல்லில் பழுப்பு.
பிறகு பிரைமர், இரண்டு கை.
கடையில் யாரோ கலக்கச் சொல்லிவிட்டு
வேண்டாமென்று விட்டுப்போன கடல் பச்சை,
பாதி விலைக்கு ஒரு டப்பா.
மஞ்சள் அவள் கொண்டுவந்தது.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்,
கொட்டகையில் மிச்சம் கிடந்ததாம்.
கேட்டு எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

தானிய அட்டைப்பெட்டியை வெட்டி
ஒரு காட்டுக்கோழி அச்சு செய்தாள்.
கதவில் ஒற்றி எடுத்தால் பூட்ஸ் மாதிரி வந்தது.
ஆறு பூட்ஸ் வரிசையாக, மூக்கோடு.
தரைக்கு நான் உருளைக்கிழங்கைப் பாதியாய் அறுத்து
சதுரம் சதுரமாய் அழுத்திக்கொண்டே போனேன்;
நாற்பதாவது சதுரத்தில் கிழங்கு குழைந்து
அதற்கப்புறம் எல்லாமே வட்டம்.

ஈரச் சுவரில் பதினோரு கொசுக்கள்.
பிடுங்கினால் தடம் விழும் என்றாள்.
மேலேயே அடித்தோம்.
தடவிப் பார்த்தால் இப்போதும் தட்டுப்படும்.

படுக்கைக்கு மேலிருந்த அலமாரியைக் கழற்றியபோதுதான்
பென்சிலில் ஓர் அம்புக்குறி.
பக்கத்தில் அவன் கையெழுத்து:
இங்கே ஒழுகும்.

லெஸ்யா சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்,
மஞ்சள் டப்பாவின் மூடிமேல்.
எழுந்தபோது பின்பக்கம் ஒரு முழுநிலா.
"பதினேழு வருடம் எனக்கு, ஒன்பது உனக்கு,
அவன் முன்கூட்டிச் சொன்னது
இது ஒன்றுதான், இவெட்" என்றாள்.

நீல ஒட்டுநாடாவால் அதைச் சுற்றிக் கட்டம் கட்டினோம்.
யார் முதலில் நாடாவைக் கிழித்தது என்று நினைவில்லை.
பச்சை காய்ந்த பிறகு மெதுவாக,
காயத்துப் பிளாஸ்திரியை உரிப்பதுபோல் உரித்தோம்.
கை அகலத்துக்கு ஒரு பழுப்புச் சன்னல்.

ஜூலையில் ஒருவர் வாங்க வந்தார்.
மீன்பிடிக்கிற ஆள், நல்ல மனிதர்,
பூட்ஸ்களைப் பார்த்து வாத்து அழகு என்றார்.
லெஸ்யா ஒரு விலை சொன்னாள்.
யாரும் தரமாட்டாத விலை.
அவர் யோசிக்கத் தொடங்கவே
நான் அதற்குமேல் ஐந்நூறு டாலர் ஏற்றினேன்.

அவர் போன பிறகு பேசிக்கொள்ளவில்லை.
பிரஷ்களைக் கழுவினோம்.
ஏற்கெனவே கழுவிய பிரஷ்கள்.

அன்றிரவு மழை.
இரண்டு பேரும் டார்ச்சோடு உள்ளே ஏறி
அம்புக்குறிக்கு நேர் கீழே
ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

ஒழுகியது.
ஒரு சாண் தள்ளி,
என் தலையில்.