பதினெட்டாவது கேள்வி

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
கட்டடத்தின் வயது. கூரை எந்த வகை.
ஜன்னல்கள் எந்தத் திசை பார்க்கின்றன.
ஒன்பதாவது: சாவி யாரிடம் இருக்கிறது?

வைரக்கண்ணுவிடம்,
அவர் வீடு அடப்பாற்றுக்கு அக்கரை
என்று எழுதிவிட்டு அடித்தேன்.
ஒன்று அவரிடம், ஒன்று சத்துணவு அஞ்சம்மாளிடம்,
ஒன்று என்னிடம் என்று திருத்தினேன்.
எழுதியது பொய்யாகிவிடக் கூடாதென்று
மதியமே தலைஞாயிறு பூட்டுக்காரரிடம் ஆள் போனது.

மறுநாள் ஒத்திகை.
மணி விட்டுவிட்டு அடித்தால் புயல்.
ஐப்பசியிலும் சுள்ளென்று வெயில்.
அறுபத்து மூன்று பேர் நடு அறையில்
ஜன்னலுக்கு முதுகு காட்டி
பையைத் தலைமேல் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.
ஆறாம் வகுப்பு சிரித்தது.
யாரோ வாயால் காற்று ஊதினான்.
பைக்குள் சாம்பார் கொட்டிவிட்டதென்று ஒருத்தி அழுதாள்.

நான் திருச்செங்கோட்டுக்காரி.
எனக்குப் புயல் என்றால்
டிவியில் சுழலும் வெள்ளை வட்டம்,
நாளை லீவா என்ற கேள்வி.
மணியை நிறுத்தச் சொல்லி,
"காத்து நின்னாச்சு, எல்லாரும் வெளிய வாங்க" என்றேன்.

ஆறும் ஏழும் முண்டியடித்து எழுந்தன.
எட்டாம் வகுப்பு அசையவில்லை.

கடைசி வரிசையில் கவியரசன்
பையை இறக்காமலே சொன்னான்:
"நிக்கல டீச்சர்.
திரும்பி வரப் போயிருக்கு."

அந்த ராத்திரி அப்படித்தான் நின்றதாம்.
தென்னைகள் விழுந்து முடித்து
மூன்றாம் வீட்டுக் குழந்தை இருமுவது
காதில் விழும் அளவுக்கு.
அவன் சித்தப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு
மாட்டைப் பார்த்துவரப் போனார்.
காற்று இந்தமுறை
எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

அதற்குமேல் அவன் சொல்லவில்லை.
"மாடு பொழச்சிருச்சு டீச்சர்"
என்றாள் பக்கத்திலிருந்த மதுநிஷா.

பதினேழுக்குக் கீழே கோடு போட்டு
பதினெட்டு என்று எண் மட்டும் எழுதினேன்.
வெகுநேரம் எதுவும் ஓடவில்லை.

இப்போதெல்லாம் மணி ஓய்ந்த பிறகுதான்
எங்கள் ஒத்திகை தொடங்குகிறது.
கதவைத் தாழிட்டு அரை மணி நேரம்.
ஒன்றும் நடக்காது. அதுதான் கஷ்டம்.
வெளியே ஐஸ்வண்டி ஹாரன் அடித்துப் போகும்.
வைக்கோல் லாரி போகும்.
கவியரசன் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருப்பான்,
என் சாவி அவன் சட்டைப்பையில்.

போன வாரம் ஆய்வுக்கு வந்த அலுவலர்
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து,
"என்ன டீச்சர், பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கு?" என்றார்.

உஷ், என்றது
ஆறாம் வகுப்பு.