துளை எண் ஏழு

கான்சஸ் சிட்டி. மிசூரி ஆற்றின் தென்கரை.
புதுப் பாலத்தின் மூன்றாம் தூணுக்கு
மண் பார்க்கத் துளையிட்டுக்கொண்டிருந்தோம்.
நாற்பத்தாறாவது அடியில் எந்திரம் குரல் மாற்றியது.
"பாறை" என்றான் டுவைட்,
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியபடி.

குழாயிலிருந்து வழுக்கி வந்தது
சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்,
கரும்புத் துண்டுபோல், ஈரமாக.
பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன்.
ஓரத்தில்
அரைக் கிண்ணம்.
அடியில், கட்டைவிரல் அழுத்தியதுபோல் ஒரு குழி:
காம்பு பொருந்தியிருந்த இடம்.
விளிம்பில், கிளம்பும்போதே அறுபட்ட
மூன்று கைகள்.

டெலோகிரைனஸ்.
இதன் காம்பு வில்லைகள்
நூல் கோக்கத் துளையிட்ட மணிகள்போல
என் வீட்டு வாசல் சரளையிலேயே கிடக்கும்.
கார் டயரில் சிக்கி ஆபீஸ்வரை வந்ததுண்டு.
கிண்ணத்தைப் பார்ப்பது முதல்முறை.

கடல் அல்லி என்கிறார்கள்.
அல்லி இல்லை, வாயுள்ள விலங்கு.
நின்ற இடத்தில் நின்று
நீர் கொண்டுவந்ததை உண்டு
இருந்தது.

அலை பார்க்க இங்கிருந்து காரில்
ஒரு முழுப் பகல் போக வேண்டும்.
ஐந்திணையில் எதிலும் சேராத ஊரடி என்று
இன்பவல்லியிடம் போனில் அலுத்துக்கொண்டவள் நான்.
இன்று அவளைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும்.
நெய்தல்தான்டி.
நிலமும் பூவும் சேர்ந்தே.
நாம்தான் கொஞ்சம் தாமதம்,
முப்பது கோடி வருஷம்.

படிவத்தில் இரண்டு அங்குலக் கட்டம்.
சுண்ணாம்புக்கல். சாம்பல். கடினம்.
புதைபடிவம் உண்டு.
ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.
'உண்டு' மட்டும்
தமிழில் நாக்கில் நின்றது.

"தாங்குமா?" என்றான் டுவைட்.
"தாங்கும்."

பாலம் திறந்து இரண்டு வருஷம்.
மாதிரிக் கற்களைப் பெட்டியோடு எறியும் நாளில்
கேட்டு வாங்கி வந்தேன்.
அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
இருக்கிறது அந்தப் பாதி.
கொஞ்சம், துளைப்பானின் வைரப் பல்லில்
மாவாகிப் போனது.
மீதி, மிஞ்சியிருந்தால்,
அங்கேயே,
ஏழு கைகளோ ஐந்தோ,
மூன்றாம் தூணின் அடியில்.

காலை எட்டு மணிக்கு
சோள லாரிகளுக்கு நடுவே
அதன்மேல் போகிறேன்.
பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கும்போது
ஒரு சின்ன அதிர்வு.
கீழே போகுமா அது,
நாற்பத்தாறு அடி?
கணக்குப்படி போகாது.
கணக்குப் போட்டது நான்தான்.