மூஞ்சிக்கல்லில் ஏழு நாள் கணக்கு

ரோட்டுக்கு இல்லை இந்தப் பணம்.
ரோட்டை வரைவதற்கு.
முப்பத்தெட்டு லட்சம்,
காகிதத்தில் ஒரு கோடு போட.
ஆணை வந்த அன்று ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள்.
பாதி லட்டில் எனக்குச் சந்தேகம்:
கோடே இவ்வளவு என்றால்
கல் எவ்வளவு, தார் எவ்வளவு?

கோட்டுக்கு முன்னால் எண்ணிக்கை.
மே மாதம், ஏழு நாள், ராப்பகலாக,
மூஞ்சிக்கல் முக்கில் மடக்கு நாற்காலி போட்டு
வருவதையும் போவதையும் எண்ண வேண்டும்.
காலை எனக்கு. மதியம் அருள்சகாயம்.
குளிரை நினைத்து இரவை
பெரியகுளத்திலிருந்து புதிதாக வந்த பையன் தலையில் கட்டினோம்.

அட்டை நிறையக் கட்டங்கள்.
கார் ஒன்று.
பஸ் மூன்று.
பைக் அரை.
எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ
அவ்வளவு மதிப்பு.
'வேற எதுல வேற மாதிரி?' என்றார் அருள்சகாயம்.
இருபத்தாறு வருஷம் அரையாகவே இருந்து
அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறவர்.

குதிரைவண்டி நான்கு என்கிறது அட்டவணை.
ஏரிக்குச் சவாரிக்குப் போகும் தனிக் குதிரையைப் பற்றி
அட்டவணை வாய் திறக்கவில்லை.
போன் போட்டுக் கேட்டேன்.
'வண்டி எங்க?'
வண்டி இல்ல சார், குதிரை மட்டும்.
'அப்ப அது வாகனம் இல்ல.'
நான் விட்டுவிட்டேன், குதிரை விடவில்லை.
இரண்டு வேன்களுக்கு நடுவே சிக்கி நின்றது
சும்மா நிற்பானேன் என்று
என் அட்டையின் மூலையைத் தின்றது.
செவ்வாய்க்கிழமை, ஆறிலிருந்து ஏழு மணி வரை
அதன் வயிற்றில் இருக்கிறது.

புதன்கிழமை வரிசை பெருமாள்மலை வரை நீண்டது.
அசையாததை எப்படி எண்ணுவது?
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால்தான் ஒன்று.
கோட்டுக்கு இரண்டடி முன்னால்
ஓர் ஆம்புலன்ஸ்
நாற்பது நிமிஷமாகப் பூஜ்யம்.
கத்தி என்ன ஆகப்போகிறது என்று
சைரனை அணைத்துவிட்டார் டிரைவர்.
பின்கதவு திறந்தது.
நிறைமாதம். பண்ணைக்காட்டுப் பக்கமாம்.
'நடந்துடலாம் மதினி.'
'நின்னு நின்னு வா தவசீலி.'
பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே
வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி
அவள் போக வேண்டியிருந்தது.
ஒரு காரிலிருந்து தண்ணீர் பாட்டில் நீண்டது.
இன்னொரு காரிலிருந்து செல்போன்.

கோட்டைத் தாண்டினாள்.
நடப்பவர்களுக்கு இந்த அட்டையில் கட்டம் இல்லை.
அது வேறு அட்டை, வேறு ஒதுக்கீடு,
இன்னும் வரவில்லை.
மதினியின் ஒரு கை அவள் இடுப்பில்,
மறு கையில் ஒயர்கூடை, பிளாஸ்க், துணிமூட்டை.
பேனாவை மூடினேனா, மூடவில்லையா, நினைவில்லை.
கூடை என் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆயிரத்து நூற்றுப்பத்துத் தப்படி.
எண்ணுகிற வேலை, விட முடியவில்லை.
திரும்பி வந்து உட்கார்ந்தபோது
நாற்காலியில் யாரோ சோளக்கதிர்த் தட்டை வைத்திருந்தார்கள்.
பத்து நாற்பது முதல் பதினொன்று முப்பது வரை
வெறும் கட்டம்.
காரணம் என்ற இடத்தில் 'மழை' என்று எழுதினேன்.
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.
சென்னை கம்பெனி நம்பிவிட்டது.
மலையென்றால் மழை இருக்கும்தானே.

அறிக்கை வந்துவிட்டது. அழகான பைண்டிங்.
இருநூற்றுப் பதினான்காம் பக்க வரைபடத்தில்
ஏழு நாளும் ஏறி இறங்கி,
புதனன்று மட்டும் ஒரு பள்ளம்.
கீழே சின்ன எழுத்தில்: மழையால் போக்குவரத்துக் குறைவு.
அந்தப் பள்ளத்துக்குள்தான்
ஒயர்கூடையோடு ஏறிக்கொண்டிருக்கிறேன் நான்.

நீலக்கோடு நன்றாகத்தான் இருக்கிறது.
ஊருக்குப் பின்னால் வளைந்து,
இரண்டு ஓடை தாண்டி,
ஒரு பேரிக்காய்த் தோட்டத்தைப் பாதியாக அறுத்து,
ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்குகிறது.
ஆஸ்பத்திரியை எங்கேயாவது தொடுகிறதா என்று
விரலால் போய்ப் பார்த்தேன்.
தொடவில்லை.
அதைச் சேர்த்து வரைய
இன்னும் எட்டு லட்சம் கேட்டு எழுதியிருக்கிறோம்.
ஃபைல் திண்டுக்கல்லில் இருக்கிறது.