வாரா

ஆகஸ்ட் இருபத்தொன்பது, இரவு பத்து நாற்பது.
வெராவல் கிளையில் ஆள் இல்லை.
ஏ.சி. சொட்டுகிறது வாளியில்.
எங்கோ ஒரு கணினி
அன்றைய கணக்குகளை முடித்துக்கொண்டே வந்து
வேல்ஜி ஃபோஃபண்டியின் ஐஸ் ஆலையில் நின்று
தொண்ணூறு என்று எண்ணியது.

மே முப்பத்தொன்றில் தவறிய தவணை.
ஜூன் முப்பதில் அதற்கு ஒரு பட்டம்,
ஜூலை முப்பதில் இன்னொன்று.
இரண்டிலும் 'தனிக் கவனம்' என்று இருந்தது.
கவனித்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.
அகமதாபாத்திலிருந்து ஒரு பெண்குரல் மட்டும்:
எப்போது கட்டுவீர்கள் சார்?
படகு போனதும்.
தேதி சொல்லுங்கள் சார்.

நிலக்கடலைக்குத் தந்த கடனென்றால்
இரண்டு போகம் பொறுக்கும் விதி.
ஆகஸ்ட் பாதிவரை மீன்பிடித் தடை,
விசைப்படகெல்லாம் கரையேறி
வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்க
ஐஸ் யாருக்கு வேண்டும்?
கடலுக்குப் போகம் எழுத
யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் இதை வாராக்கடன் என்கிறோம்.
வாரா: ஈறு கெட்டது, காலம் காட்டாதது.
நேற்று வராததும் இன்று வராததும்
இனி வரவே வராததும் அதற்கு ஒன்றுதான்.
வங்கி அப்படியில்லை, நாள் குறிக்கும்.
ஓராண்டு வரை தரம் குறைந்தது.
அதற்குமேல் சந்தேகம்,
சந்தேகத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு நட்டம்.
எந்தப் படியில் கிடந்தாலும்
குடும்பப் பெயர் என்னவோ சொத்து.

மாதம் தவறாமல் கட்டிய ஸ்கூட்டர் கடனும்
அந்த இரவே கூடச் சேர்ந்து கெட்டது.
ஆள் ஒருவர்தானே, என்றாள் மேலாளர் ஹிரல் வாஜா,
தானே எழுதிய விதியைப்போலக் கூச்சத்துடன்.

செப்டம்பர் ஆறாம் தேதி பணத்தோடு வந்தான்.
செதில் ஒட்டிய நூறுகள், இரண்டு தவணைக்கு.
நான்கும் கட்டினால்தான் பெயர் மாறும் வேல்ஜிபாய்.
ரப்பர் பாண்டைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.
அவன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அவனிடமும் ஒரு பேரேடு இருக்கிறது,
ஈரத்தில் ஊதிப்போனது.
ஐஸ் ஏற்றிக்கொண்டு காசு தராத படகுகள்.
ஜல்சாகர், கரைக்கு வந்தால் தரும்.
ஹரிகிருபா, கேட்டால் தரும்.
இன்னொன்று கேட்கக் கேட்கச் சிரிக்கும்.
ஒன்று மட்டும் நாற்பது கட்டியோடு போய்
தண்ணீரில் கோடு எங்கே என்று தெரியாமல்
தாண்டிவிட்டது.
ஏழு பேர், கராச்சியில், சிறையில்.
இரண்டு வருடமாக அந்த வரியை
அவன் அடிக்கவும் இல்லை,
கூட்டலில் சேர்க்கவும் இல்லை.

போன தீபாவளிக்கு முந்தைய நாள்
அந்தப் படகுத் தண்டலின் மனைவி வந்து
மேசைமேல் இருநூறு ரூபாய் வைத்தாள்.
வேண்டாம் பென், என்றான்.
எழுது, என்றாள்.