நாற்பத்தேழாம் குழாய்

போரா காற்று ட்ரியெஸ்டேயின் ஜன்னல்களை
உலுக்கும் ஜனவரி.
தெருவோரம் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்க.

நாற்பத்தேழாம் எண்ணின் ரத்தம்
மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருகிறது,
இன்னும் வெதுவெதுப்பாக.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது.
தெரியும்: தூலியோ, துறைமுகத்துக் கிரேன்காரர்.
காபிக் கடையில் அவர் மனைவி அழுதபோது
அடுத்த மேசையில் இருந்தேன்.

இயந்திரம் சுழன்று நிற்கிறது.
சிவப்பு அடியில் படிய, மேலே
வைக்கோல் நிறத்தில் ஒரு விரற்கடைத் தெளிவு.
அதில் ட்ரோபோனின்,
இடிந்த தசை விட்டுப்போன செங்கல் தூள்.
இன்னொன்று, மிதமிஞ்சி விரிந்த அறை
தாளாமல் கசியவிட்ட முனகல்.

கூட்டிக் கழித்துக் கணினி சொல்கிறது:
நான்காம் மாதம், நூற்றுக்கு முப்பத்தெட்டு.
ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இதயம்
வெளியே தள்ளப்போவது அவ்வளவுதான்.
ஒன்பது கூடலாம். ஒன்பது குறையலாம்.

அந்த ஒன்பதுக்குள் குடியிருந்தேன்
மே மாதம் வரை.

எக்கோ எடுக்க எல்லோரும் வந்தார்கள்.
நாற்பத்தேழு வரவில்லை.
"விடுபட்டவர்னு போட்டுடவா, ஓண்டினா?"
என்றான் ஃபெருச்சோ.
பொறு என்றேன்.

பதினோரு நாள் கழித்து வந்தார்,
நகக்கண்ணில் கிரீஸ்.
காபி மூட்டைக் கப்பல் தாமதமாம்.
ஏணி ஏற விடுவதில்லையாம்,
கீழே நின்று கைகாட்டுகிறாராம்,
அதற்கு ஒரு வசவு.

நாற்பத்தொன்று.
அந்த மூன்றைப் பிழை என்ற பத்தியில்
குறித்துக்கொண்டான் ஃபெருச்சோ.

வெளியே கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள்.
சுவரில் கொக்கிகள் மட்டும்.
தூலியோ ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு
மேட்டில் ஏறினார், மெதுவாக.