நாற்பது நிமிடச் சொந்தம்

நான் சுவர் விற்பவள்.
செங்கல் இல்லை, நிரல்.
ஒரே வங்கிக்குள் இரண்டு பேரேடு,
அந்தப் பணம் இந்தப் பக்கம் கசியக் கூடாது.
சரயேவோவில் எழுதி
கேட்ட ஊரில் நிறுத்திவிட்டு வருவேன்.

இஸ்தான்புல்லில் அதற்குப் பெயர் பங்கேற்பு.
மதம் பலகையில் ஏறாது.
நைஜீரியாவில் வட்டியில்லாதது,
சர்க்கரை போடாத தேநீர் மாதிரி
இல்லாததே அடையாளம்.
மஸ்கட்டில் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள்.
தனிக் கணக்கு, தனி ஆள்,
தனித் தேநீர்க் குவளையும் உண்டென்றார் ஒருவர்
சிரிக்காமல்.
நைரோபியில், ஈஸ்ட்லீ கிளையில்,
பச்சைக் கவுண்டர், நீலக் கவுண்டர், நடுவில் ஒரு கயிறு.
மாலையானால் இரண்டு பணப்பெட்டியும்
ஒரே பெட்டகத்தில் தூங்கும்.

ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான் என்று
பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தவணைகளைக் கூட்டிப் பாருங்கள்:
இங்கே வட்டி, அங்கே லாபம்,
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை
வித்தியாசம் கிடையாது.

பிறகு கானோ.
தலாத்து மாவு அரைக்கும் இயந்திரம் கேட்டிருந்தாள்.
வங்கி அதை வாங்கும்,
லாபம் வைத்து அவளுக்கு விற்கும்.
இரண்டுக்கும் நடுவே
இயந்திரம் வங்கியுடையது.
முதலில் நான்கு நொடி வைத்திருந்தேன்.
ஷரியா குழு முகம் சுளித்ததால்
நாற்பது நிமிடம் ஆக்கினேன்.

பதினேழாவது நிமிடம்
ஸாரியா சாலையில் லாரி கவிழ்ந்தது.

மேலாளர் ஹாமிஸு திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இப்போது இது யாருடையது?"
"உங்களுடையது."
"உங்கள் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கியிருக்குமோ?"
நான் வாயைத் திறக்கவில்லை.
நொறுங்கிய இரும்புக்கு
வாழ்க்கையில் முதல்முறையாக
ஒரு வங்கி சொந்தக்காரனாய் உட்கார்ந்திருந்தது,
வியர்த்து.

தலாத்து ஒன்றுதான் கேட்டாள்,
"நான் கட்ட வேண்டுமா?"
வேண்டாம் என்றதும் நம்பவில்லை,
எழுதித் தரச் சொன்னாள்.
அடுத்த தெரு வங்கியில் அவள் கொழுந்தன்
எரிந்துபோன குளிர்பெட்டிக்கு
இன்னும் தவணை கட்டுகிறானாம்.
வட்டி குட்டி போட்டு
குட்டியும் இப்போது சினையாம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் கடிதம் வந்தது:
நாற்பது நிமிடத்தை
மறுபடி நான்கு நொடியாக்க முடியுமா, அவசரம்.

பதில் போடவில்லை.
அவர்கள் எனக்குத் தரவேண்டிய கடைசித் தொகை
இரண்டு மாதமாய் நிற்கிறது.
தாமதத்துக்கு வட்டி போட
ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.